தமனிகள் தளர்வது எப்படி? அட்ரினர்ஜிக் ஏற்பிகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

அச்சம் தரும் ஒரு சூழலில் மனிதரின் முகம் வெளிறுகிறது, விரல் நுனிகள் குளிர்கின்றன. தோலுக்குப் போகும் சிறு தமனிகள் சுருங்கிவிட்டதன் அடையாளம் அது. அதே நேரத்தில் தொடைத் தசைகளுக்குள் இருக்கும் சிறு தமனிகள் விரிந்து, வழக்கத்தைவிடக் கூடுதலான இரத்தத்தை உள்ளே விடுகின்றன. இந்த இரண்டிலும் அட்ரினலினுக்குப் பங்கு உண்டு. ஒரே இரத்தத்தில் ஓடுகிற ஒரே வேதிப்பொருளால் ஓரிடத்தில் குழாயைச் சுருக்கவும் இன்னோர் இடத்தில் தளர்த்தவும் எப்படி முடிகிறது என்று அறிய, அட்ரினலினைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அதை ஏற்றுக்கொள்ளும் செல்லின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். அங்கே பதிந்திருக்கும் ஒருவகைப் புரதங்களே அட்ரினர்ஜிக் ஏற்பிகள். அறிமுக நூல்களில் இவை தமனியைச் சுருக்கும் விதம் விரிவாகவும், தளர்த்தும் விதம் ஓரிரு வரிகளிலும் சொல்லப்படுவது வழக்கம். இந்தக் கட்டுரை தளர்வையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. இரத்தம் நேரடியாகத் தொடும் உட்புறத்தில், ஒரே ஒரு செல் தடிமனுள்ள எண்டோதீலியம் என்ற படலம் இருக்கிறது. நடு அடுக்கில் மென்தசைச் செல்கள் குழாயைச் சுற்றி வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன; அவை சுருங்கினால் குழாயின் உள்விட்டம் குறையும், தளர்ந்தால் கூடும். வெளி அடுக்கு இணைப்புத் திசுவால் ஆனது. நம் விருப்பத்தைச் சாராமல் தானாக இயங்கும் பரிவு நரம்பு மண்டலத்தின் நுண்ணிய நரம்பிழைகள் இந்த வெளி அடுக்கின் வழியாக வந்து, பெரும்பாலும் நடு அடுக்கின் விளிம்போடு நின்றுவிடுகின்றன. எனவே நரம்பு முனைகளிலிருந்து வெளிவரும் நார் அட்ரினலின் மென்தசையை வெளிப்புறத்திலிருந்து வந்தடைகிறது. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் சுரக்கும் அட்ரினலினோ இரத்தத்தோடு பயணித்து, உட்புறமாக வந்து, முதலில் எண்டோதீலியத்தைச் சந்திக்கிறது. வேதி அமைப்பில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியால் மட்டும் வேறுபடும் இந்த இரண்டு பொருள்களும் தமனியில் வெவ்வேறு விளைவுகளை உண்டாக்குவதற்கு, அவை வந்து சேரும் இந்தத் திசை வேறுபாடும் ஒரு காரணம்.

உள்விட்டத்தில் ஏற்படும் சிறு மாற்றம் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது என்றால், குழாயில் ஓடும் திரவத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அழுத்தமும் மற்றவையும் மாறாமல் இருக்க, ஆரம் 10 சதவீதம் மட்டும் கூடினால் ஓட்டம் ஏறக்குறைய 46 சதவீதம் கூடும். ஆரம் 20 சதவீதம் குறைந்தால் பழைய ஓட்டத்தில் 41 சதவீதமே மிஞ்சும். பிசுபிசுப்பு மாறிக்கொண்டே இருக்கும், துடிப்போடு ஓடும் இரத்தத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் போக்கு இதுதான். உடலின் இரத்த அழுத்தத்தைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பவை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய தமனிகளும் நுண்தமனிகளுமே; அவற்றின் மென்தசை இம்மியளவு தளர்ந்தாலும் ஓர் உறுப்புக்குப் போகும் இரத்தம் கணிசமாகக் கூடிவிடுகிறது.

தமனியின் மென்தசை ஒருபோதும் முழுத் தளர்வில் இருப்பதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உடல் ஓய்வாக இருக்கும்போதும் பரிவு நரம்புகள் நொடிக்கு ஒன்றிரண்டு துடிப்புகள் என்ற மெதுவான வீதத்தில் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. அதனால் சிறிதளவு நார் அட்ரினலின் ஓயாமல் கசிந்து, தமனிகளை ஓரளவு இறுக்கத்திலேயே வைத்திருக்கிறது. முதுகுத்தண்டில் மயக்க மருந்து செலுத்தும்போது இரத்த அழுத்தம் இறங்குவதற்குக் காரணம் இந்த நரம்புத் துடிப்புகள் தடைபடுவதுதான். அப்போது தமனியைத் தளர்த்தும் பொருள் எதுவும் புதிதாக வந்து சேரவில்லை. இறுக்கிக்கொண்டிருந்த ஒன்று விலகிக்கொண்டது, அவ்வளவே. ஆகவே தளர்வு இரு வழிகளில் நிகழலாம்: சுருக்கும் ஆணை நின்றுபோவது ஒன்று, தளர்த்தும் ஆணை தனியாக வருவது மற்றொன்று. அட்ரினர்ஜிக் ஏற்பிகளுக்கு இந்த இரண்டிலும் இடம் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்தப் பாடம் பலருக்குக் குழப்பமாகத் தோன்றுகிறது.

ஏற்பிகள் ஒரே வகை அல்ல என்ற எண்ணம் உருவாக நெடுங்காலம் ஆயிற்று. ஜார்ஜ் ஆலிவரும் எட்வர்ட் ஷேஃபரும் 1894-95ஆம் ஆண்டுகளில், அட்ரினல் சுரப்பியின் சாறு விலங்குகளின் இரத்த அழுத்தத்தைக் கடுமையாக உயர்த்துவதைக் காட்டினார்கள். அட்ரினலின் என்றாலே குழாயைச் சுருக்குவது என்று கொண்டிருந்த காலத்தில், ஹென்றி டேல் 1906இல் விந்தையான ஒன்றைப் பதிவு செய்தார். எர்காட் என்ற பூஞ்சையிலிருந்து எடுத்த பொருளை முதலில் கொடுத்துவிட்டு அட்ரினலினைச் செலுத்தியபோது, உயர வேண்டிய இரத்த அழுத்தம் தாழ்ந்தது. இன்றைய அறிவோடு பார்த்தால் விளக்கம் எளிது: எர்காட் பொருள் சுருக்கும் ஏற்பிகளை மறைத்துவிட்டது, அதுவரை அடங்கிக் கிடந்த தளர்த்தும் ஏற்பிகளின் வேலை மட்டும் வெளியே தெரிந்தது. அன்றைக்கு அப்படிப் பிரித்துச் சொல்வதற்கான சொற்களே இல்லை. அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948இல், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சில பொருள்களை வெவ்வேறு உறுப்புகளில் செலுத்தி, எது எங்கே வலுவாக வேலை செய்கிறது என்று வரிசைப்படுத்தினார். குழாய் சுருங்குவது போன்ற விளைவுகளில் அட்ரினலின் முன்னணியிலும், அதைப் போலச் செயற்கையாக உருவாக்கப்பட்ட ஐசோபிரினலின் கடைசியிலும் நின்றன. குழாய் தளர்வது, இதயம் வேகமாகத் துடிப்பது போன்ற விளைவுகளில் ஐசோபிரினலின் முதலிடத்துக்கு வந்தது. வரிசை தலைகீழாக மாறுவதால், ஏற்பிகள் குறைந்தது இரண்டு வகைப்பட வேண்டும் என்று முடிவு செய்து, அவற்றுக்கு ஆல்ஃபா என்றும் பீட்டா என்றும் பெயரிட்டார். ஏற்பி என்ற ஒன்றைக் கண்ணால் யாரும் பார்த்திராத காலத்தில், மருந்துகளின் வலிமை வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு எட்டிய முடிவு இது. முதலில் ஓர் ஆய்விதழ் அந்தக் கட்டுரையை ஏற்க மறுத்தது. பின்னாளில் ஜேம்ஸ் பிளாக், பீட்டா ஏற்பிகளை மறைக்கும் புரோப்ரனலால் மருந்தை உருவாக்கியது இந்தப் பிரிவினையை அடிப்படையாகக் கொண்டுதான்.

இன்று மனித உடலில் ஒன்பது அட்ரினர்ஜிக் ஏற்பிகள் இனங்காணப்பட்டுள்ளன: ஆல்ஃபா-1 மூன்று, ஆல்ஃபா-2 மூன்று, பீட்டா மூன்று. தமனியைப் புரிந்துகொள்ள இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மென்தசையைச் சுருக்குவதில் ஆல்ஃபா-1 முதன்மையானது, தளர்த்துவதில் பீட்டா-2 முதன்மையானது என்று தொடங்கினால் போதும். மற்றவை வர வேண்டிய இடத்தில் வரும்.

இவை அனைத்தும் செல்சவ்வை ஏழு முறை ஊடுருவி வளைந்து செல்லும் புரதங்கள். வெளிப்பக்கத்தில் உள்ள குழிவில் அட்ரினலின் வந்து பொருந்தியதும் புரதத்தின் வடிவம் சிறிது மாறுகிறது. அந்த மாற்றம் உட்பக்கத்தில் காத்திருக்கும், செய்தியைக் கடத்தும் ஜி-புரதத்தை முடுக்கிவிடுகிறது. அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. எந்த ஏற்பியோடு எந்த ஜி-புரதம் இணைந்திருக்கிறது என்பதே செல்லின் அடுத்த நடவடிக்கையைத் தீர்மானிக்கிறது. ஒரே மணியோசையைக் கேட்டு ஒருவர் வேலையைத் தொடங்க, இன்னொருவர் வேலையை முடித்துக்கொள்வதைப் போன்றது இது. பீட்டா-2 ஏற்பியின் படிக அமைப்பு 2007இலும், அது தன் ஜி-புரதத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் நிலையின் அமைப்பு 2011இலும் வெளியாயின. ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றது இந்த வகை ஏற்பிகளைப் பற்றிய ஆய்வுக்காகத்தான்.

தளர்வைப் புரிந்துகொள்ளச் சுருக்கத்தை ஒரு முறை பார்த்துவிடுவது அவசியம். மென்தசை சுருங்குவதும் தளர்வதும் செல்லுக்குள் இருக்கும் கால்சியத்தின் அளவைப் பொறுத்தவை. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப்போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. எனவே வாயில் சிறிது திறந்தாலும் அது உள்ளே பாயும். ஆல்ஃபா-1 ஏற்பி தூண்டப்பட்டால், ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி, செல்லின் உள்சேமிப்பிலிருந்து கால்சியத்தை வெளிவிடுகிறது. சவ்வில் உள்ள கால்சியம் வாயில்களும் திறக்கின்றன. கூடிய கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, மயோசின் கைனேஸ் என்று சுருக்கமாக அழைக்கத்தக்க ஒரு நொதியை இயக்குகிறது. அந்த நொதி மயோசின் என்ற தசைப் புரதத்தின் மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய மயோசின் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கிறது, செல் சுருங்குகிறது. இதற்கு எதிராக, ஏறிய பாஸ்பேட்டை இறக்கிவிடும் மயோசின் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் அதே செல்லில் எப்போதும் இயங்குகிறது. ஒரு கணத்தில் தமனி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது, ஏற்றும் நொதிக்கும் இறக்கும் நொதிக்கும் இடையிலான இழுபறியின் விளைவு.

பீட்டா-2 ஏற்பி இந்த இழுபறியில் தளர்வின் பக்கம் சேர்கிறது. அது தூண்டப்பட்டதும் அதன் ஜி-புரதம் அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்குகிறது. அந்த நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைத் தயாரிக்கிறது. ஹார்மோன் வெளியே நிற்க, அதன் செய்தியை உள்ளே கொண்டுசெல்லும் இந்த இரண்டாம் தூதுவரைக் கண்டறிந்ததற்காக எர்ல் சதர்லண்ட் 1971இல் நோபல் பரிசு பெற்றார். சைக்ளிக் ஏஎம்பி கூடியதும் புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடப்பவை ஒன்றல்ல, பல.

அவற்றில் பொட்டாசியம் வாயில்கள் திறப்பதை நான் முதலில் வைப்பேன். செல்லுக்குள் நிறைந்திருக்கும் பொட்டாசியம் அந்த வாயில்கள் வழியே வெளியேறும்போது நேர்மின்னூட்டமும் அதனுடன் வெளியேறுகிறது; செல்லின் உட்புறம் முன்னைவிடக் கூடுதல் எதிர்மின் நிலைக்குப் போகிறது. கால்சியம் உள்ளே வரும் முக்கிய வாயில்கள் மின்னழுத்தத்தைப் பார்த்துத் திறப்பவை, மூடுபவை. உட்புறம் அதிகம் எதிர்மின் நிலைக்குப் போனால் அவை மூடிக்கொள்கின்றன. பொட்டாசியம் வெளியே போனதால் கால்சியம் உள்ளே வருவது நின்றுவிடுகிறது என்பது முதல் பார்வைக்குச் சுற்றுவழியாகத் தோன்றினாலும், சிறு தமனிகளில் தளர்வின் பெரும்பங்கு இந்த வழியில்தான் நிகழ்கிறது. இதனோடு, செல்லுக்குள் மிதக்கும் கால்சியத்தை உள்சேமிப்புக்குள் திரும்ப இறைக்கும் பம்புகளும் வேகம் பெறுகின்றன. இன்னொரு விளைவையும் பாடநூல்கள் தவறாமல் குறிப்பிடுகின்றன: புரோட்டீன் கைனேஸ் ஏ மயோசின் கைனேஸின் மீதே ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, கால்சியம்-கால்மோடுலினுக்கு அது எளிதில் மசியாதபடி செய்துவிடுகிறது. சோதனைக் குழாயில் இது தெளிவாக நடக்கிறது. உயிருள்ள தமனியில் இதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எனவே இந்த ஒற்றை அம்புக்குறியை மட்டும் வரைந்து தளர்வை விளக்கி முடித்துவிடும் படங்களைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்ப்பது நல்லது.

இதுவரை சொன்னது மென்தசைச் செல்லுக்குள் நடப்பது. தமனியின் உள்படலமான எண்டோதீலியம் வெறும் உறை என்றே நெடுநாள் கருதப்பட்டது. ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. முயலின் பெருந்தமனித் துண்டில் அசிடைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருள் தளர்வை உண்டாக்குவதும், அதே துண்டின் உட்புறத்தை மெல்லத் தேய்த்து எண்டோதீலியத்தை அகற்றிவிட்டால் தளர்வு இல்லாமல் போவதும் அதில் காட்டப்பட்டன. எண்டோதீலியம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அடியில் உள்ள தசையைத் தளர்த்துகிறது என்பதே பொருள். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற சிறிய வாயு மூலக்கூறு என்று பின்னர் தெரியவந்தது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவரும் 1998இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அட்ரினர்ஜிக் ஏற்பிகள் எண்டோதீலியத்திலும் உள்ளன. பீட்டா-2 அங்கே தூண்டப்பட்டால் நைட்ரிக் ஆக்சைடு உருவாகிறது. அது தசைக்குள் ஊடுருவி, சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேறொரு தூதுவரைக் கூட்டி, பாஸ்பேட்டை இறக்கும் நொதிக்கு வலுச் சேர்க்கிறது. மனிதரின் முன்கையில் பீட்டா-2 தூண்டி மருந்தைச் செலுத்தி இரத்த ஓட்டத்தை அளக்கும்போது, நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுத்துவிட்டால் தளர்வின் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது, முழுவதும் அல்ல. மிஞ்சுவது மென்தசையிலேயே நேரடியாக நடக்கும் தளர்வு என்று கொள்ளலாம்.

எண்டோதீலியத்தில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. மென்தசையில் இருந்தால் சுருக்கத்தை உண்டாக்கும் ஆல்ஃபா-2 ஏற்பி, எண்டோதீலியத்தில் இருக்கும்போது நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டுத் தளர்வின் பக்கம் நிற்கிறது. ஏற்பியின் பெயரைப் பார்த்து அதன் வேலையை முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அது எந்தச் செல்லில் குடியிருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அடுத்தது பீட்டா-3. கொழுப்புத் திசுவிலும் சிறுநீர்ப்பையிலும் பேசப்படும் இந்த ஏற்பி, மனிதரின் இதயத் தசைக்குள் ஓடும் நுண்ணிய தமனிகளிலும் மார்பின் உட்புறத் தமனியிலும் எண்டோதீலியத்தில் காணப்பட்டு, அங்கே தளர்வை உண்டாக்குவதாகக் காட்டப்பட்டுள்ளது.

இவற்றையெல்லாம் மனிதத் தமனியில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை ஒரு சோதனையை நெருங்கிப் பார்த்தால் விளங்கும். இதய பைபாஸ் அறுவை சிகிச்சையில் மார்பின் உட்புறத் தமனியோ முன்கையின் ரேடியல் தமனியோ எடுத்துப் பயன்படுத்தப்படுகிறது. நோயாளியின் ஒப்புதலோடு, மிஞ்சும் சிறு துண்டு ஆய்வகத்துக்கு வருகிறது. அதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகல வளையங்களாக நறுக்கி, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இரண்டு மெல்லிய கம்பிகளைச் செருகுகிறார்கள். ஒரு கம்பி அசையாமல் நிற்கும். மற்றது இழுவிசையை அளக்கும் கருவியோடு இணைந்திருக்கும். வளையம் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்ள உப்புக் கரைசலில் மூழ்கியிருக்க, 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கொண்ட வாயு அதில் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். நரம்பின் துடிப்பு இங்கே இல்லாததால் வளையம் ஏறக்குறையத் தளர்ந்த நிலையிலேயே கிடக்கிறது. தளர்ந்திருப்பதை மேலும் தளர்த்தி அளக்க முடியாது. ஆகவே முதலில் ஏதாவது ஒரு பொருளால் அதைச் சுருக்கி, அந்தச் சுருக்கம் நிலைபெற்ற பிறகே ஐசோபிரினலினைச் சேர்க்கிறார்கள். ஒரு நானோமோலார் போன்ற மிகச் சிறிய செறிவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும்போது, வரைகோடு ஒவ்வொரு படியாகக் கீழிறங்குகிறது. கடைசியில் பப்பாவரின் போன்ற, ஏற்பிகளைச் சாராத ஒரு பொருளைச் சேர்த்து, அந்த வளையத்தால் எவ்வளவுதான் தளர முடியும் என்பதைக் கண்டு, அதை 100 சதவீதமாக வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

எதைக் கொண்டு சுருக்குவது என்ற தெரிவு முடிவையே மாற்றிவிடக்கூடியது. பொட்டாசியம் செறிவு மிகுந்த கரைசலால் வளையத்தைச் சுருக்கினால், பொட்டாசியம் வெளியேறுவதற்கான உந்துதல் போய்விடுகிறது. அப்போது பொட்டாசியம் வாயில்களின் வழியே நடக்கும் தளர்வு தெரியவே தெரியாது. இது ஒரு குறையாகத் தோன்றினாலும், தளர்வு எந்த வழியில் நடக்கிறது என்று பிரித்தறிய ஆய்வாளர்கள் இதையே கருவியாக்கிக்கொள்கிறார்கள். எந்த ஏற்பி என்று அறிய, பீட்டா-1ஐ மட்டும் மறைக்கும் சிஜிபி 20712, பீட்டா-2ஐ மட்டும் மறைக்கும் ஐசிஐ 118,551 போன்ற பொருள்களை முன்கூட்டியே சேர்த்து, வரைகோடு எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கிறார்கள். எண்டோதீலியத்தின் பங்கை அறிய, ஒரு வளையத்தின் உட்புறத்தைத் தேய்த்துவிட்டு, தேய்க்காத வளையத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஃபர்ச்காட்டின் உத்தி இன்றும் மாறவில்லை.

இத்தகைய சோதனைகள் காட்டும் முக்கியமான உண்மை, எல்லாத் தமனிகளும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை என்பது. மனித ரேடியல் தமனியில் ஆல்ஃபா-1 ஏற்பிகளின் ஆதிக்கம் வலுவானது, பீட்டா வழியான தளர்வு பலவீனமானது. இதயத்தில் பொருத்தும்போது அது இறுகிக்கொள்ளும் போக்கு உடையதாக இருப்பதற்கு இந்த ஆதிக்கமும் ஒரு காரணம். அந்த இறுக்கத்தைத் தளர்த்த அறுவை மருத்துவர்கள் கால்சியம் வாயில் தடுப்பான்களையும் நைட்ரேட்டுகளையும் நாடுகிறார்களே ஒழிய, பீட்டா தூண்டிகளை நாடுவதில்லை. எலும்புத் தசைகளுக்குள் உள்ள சிறு தமனிகளில் பீட்டா-2 நிறைந்திருக்கிறது. தோலின் தமனிகளில் ஆல்ஃபா ஏற்பிகளே பெரும்பான்மை. முகம் வெளிறுவதும் தொடைத் தசைக்கு இரத்தம் பாய்வதும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான். இதயத்தின் தமனிகளில் பீட்டா தளர்வு உண்டு. ஆனால் இதயம் வேகமாகத் துடிக்கும்போது அங்கே ஓட்டம் கூடுவதற்கு முதன்மைக் காரணம், உழைக்கும் தசை வெளிவிடும் வளர்சிதை மாற்றப் பொருள்கள். உடற்பயிற்சியின்போது கால் தசைகளில் ஓட்டம் பல மடங்கு உயர்வதற்கும் இதே விளக்கம் பெரிதும் பொருந்தும். அட்ரினலின் அதற்குத் துணை நிற்கிறது; முழுப் பெருமையையும் அதற்குக் கொடுத்துவிட முடியாது.

ஏற்பி எங்கே இருக்கிறது என்பதைப் போலவே, எவ்வளவு அட்ரினலின் வருகிறது என்பதும் முக்கியம். பீட்டா-2 ஏற்பி மிகக் குறைந்த செறிவிலேயே அட்ரினலினுக்குப் பதில் தருகிறது. எனவே அட்ரினலினைச் சிறு அளவில் சிரை வழியே மெதுவாக இரத்தத்தில் செலுத்தினால், தசைகளின் தமனிகள் தளர்ந்து, இதயம் ஓய்வுறும்போது உள்ள கீழ் இரத்த அழுத்தம் சற்று இறங்குகிறது. அதே நேரத்தில் இதயத்தின் பீட்டா-1 தூண்டப்படுவதால் மேல் அழுத்தம் ஏறுகிறது. அளவைக் கூட்டினால் எண்ணிக்கையில் மிகுந்த ஆல்ஃபா-1 ஏற்பிகள் களத்துக்கு வந்து, தளர்வை மீறி எங்கும் சுருக்கத்தை உண்டாக்குகின்றன. நார் அட்ரினலினைச் செலுத்தினால் இரண்டு அழுத்தங்களும் ஏறும், ஏனெனில் பீட்டா-2 மீது அதற்குப் பிடிப்பு மிகக் குறைவு. ஆல்ஃபாவைத் தொடாத ஐசோபிரினலினோ கீழ் அழுத்தத்தைத் தெளிவாக இறக்கிவிடும். இந்த மூன்று பொருள்களின் வேறுபாட்டை ஒருவர் தானாகவே காரணத்தோடு சொல்ல முடிந்தால், அவர் இந்தப் பாடத்தின் பாதியைக் கடந்துவிட்டார் என்று தயங்காமல் சொல்லலாம்.

தளர்வின் மற்ற வழிக்கு, அதாவது சுருக்கும் ஆணை குறைவதற்கு வருவோம். மனித உடலின் பெரும்பாலான தமனிகளுக்கு, தளர்த்துவதற்கென்று தனி நரம்பு கிடையாது. உமிழ்நீர்ச் சுரப்பிகள், பாலுறுப்புகள் போன்ற சில இடங்களே விலக்கு. எனவே மூளை இரத்த அழுத்தத்தைக் குறைக்க விரும்பும்போது, பரிவு நரம்புகளின் துடிப்பைக் குறைத்து ஆல்ஃபா-1 ஏற்பிகளுக்குப் போகும் நார் அட்ரினலினைக் குறைப்பதே அன்றாட வழி. இதில் ஆல்ஃபா-2க்கு ஒரு நுட்பமான பங்கு இருக்கிறது. நார் அட்ரினலினை வெளிவிடும் நரம்பு முனையிலேயே இந்த ஏற்பி அமர்ந்து, வெளியே கலந்திருக்கும் அளவைக் கவனித்து, அது மிகும்போது மேலும் வெளிவிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. குளோனிடின் என்ற மருந்து மூளையில் உள்ள ஆல்ஃபா-2ஐத் தூண்டி, பரிவு நரம்புகளின் துடிப்பை மூலத்திலேயே குறைத்து, அழுத்தத்தை இறக்குகிறது.

மருந்துகளின் நன்மையும் பக்கவிளைவும் இந்த வரைபடத்திலிருந்தே பிறக்கின்றன. இரத்த அழுத்த மருந்தான பிராசோசின் ஆல்ஃபா-1ஐ மறைத்துத் தமனிகளைத் தளர்த்துகிறது. முதல் மாத்திரைக்குப் பிறகு திடீரென்று எழுந்து நின்றால் தலைசுற்றல் வருவதற்கு, நிற்கும்போது குழாய்கள் இறுக வேண்டிய நேரத்தில் இறுக முடியாமல் போவதே காரணம். புரோப்ரனலால் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் மறைப்பதால், தளர்த்தும் கை கட்டுண்டு போகிறது; அதை உட்கொள்வோரில் சிலருக்குக் கைகால் குளிர்ந்து போவதில் இதற்குப் பங்கு உண்டு. கார்வெடிலால் பீட்டாவோடு ஆல்ஃபா-1ஐயும் மறைப்பதால் குழாய்களைத் தளர்த்தவும் செய்கிறது. நெபிவலால் பீட்டா-1ஐ மறைப்பதோடு எண்டோதீலியத்தின் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும் தன்மையும் கொண்டது. ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால் மூச்சுக்குழாயின் பீட்டா-2ஐக் குறிவைப்பது என்றாலும், மிகுதியாக எடுத்தால் தசைகளின் தமனிகளும் தளர்ந்து, அதை ஈடுகட்ட இதயம் படபடக்கத் தொடங்குகிறது.

உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையில் பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலின் தொடையின் வெளிப்பக்கத் தசையில் செலுத்தப்படுகிறது. தோலுக்கு அடியில் செலுத்துவதில்லை. தோலுக்கு அடியில் போட்டால் அங்குள்ள குழாய்களை அட்ரினலினே சுருக்கி, தான் இரத்தத்தில் கலப்பதைத் தானே தாமதப்படுத்திக்கொள்ளும். இரத்தக் குழாய்கள் மிகுந்த, பீட்டா-2 நிறைந்த தசையில் அது விரைவாகக் கலந்துவிடுகிறது. பல் மருத்துவர் மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலினைக் கலப்பது நேர்மாறான நோக்கத்துக்காக: ஈறில் குழாய்கள் சுருங்கினால் மருந்து அங்கேயே நெடுநேரம் தங்கும்.

அட்ரினல் சுரப்பியில் தோன்றி அட்ரினலினையும் நார் அட்ரினலினையும் அளவின்றிக் கொட்டும் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியின் சிகிச்சையில் வரிசை தவறினால் ஆபத்து. இதயப் படபடப்பைப் பார்த்து முதலில் பீட்டா பிளாக்கர் (பீட்டா ஏற்பிகளை மறைக்கும் மருந்து) கொடுத்துவிட்டால், தசைகளின் தமனிகளைத் தளர்த்திக்கொண்டிருந்த பீட்டா-2 அடங்கி, எதிர்ப்பே இல்லாமல் ஆல்ஃபா-1 எல்லாத் தமனிகளையும் இறுக்கி, இரத்த அழுத்தத்தை ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோகக்கூடும். ஆகவே முதலில் ஆல்ஃபா ஏற்பிகளை மறைத்து, குழாய்கள் தளர்ந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே, தேவைப்பட்டால் பீட்டா பிளாக்கர் சேர்க்கப்படுகிறது.

தளர்த்தும் ஏற்பி இடைவிடாத தூண்டலைத் தாங்குவதில்லை. பீட்டா-2 தொடர்ந்து தூண்டப்பட்டால், அதன் உட்புற வாலில் பாஸ்பேட்டுகள் ஏறுகின்றன. அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டிக்கொண்டு, ஏற்பிக்கும் ஜி-புரதத்துக்கும் இடையிலான தொடர்பை அறுத்துவிடுகிறது. பிறகு ஏற்பியே செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. சில மீண்டும் மேற்பரப்புக்குத் திரும்பும், சில சிதைக்கப்படும். ஒரே அளவு மருந்து நாளடைவில் குறைந்த விளைவைத் தருவதற்கு இது ஒரு விளக்கம்.

வயது கூடும்போதும் பீட்டா வழியான தளர்வு குறைகிறது. வயது முதிர்ந்த விலங்குகளின் தமனியில் ஐசோபிரினலினுக்குப் பதில் குன்றியிருக்கும்போதே, அடினைலைல் சைக்ளேஸை நேரடியாகத் தூண்டும் ஃபோர்ஸ்கோலினுக்குத் தளர்வு பெரும்பாலும் குறையாமல் இருக்கிறது. தளரும் திறனைத் தசை இழந்துவிடவில்லை. ஏற்பிக்கும் நொதிக்கும் இடையிலான இணைப்பே தேய்ந்திருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். மனிதரில் வயதோடு பரிவு நரம்புகளின் துடிப்பு கூடுவதும் சேர்ந்துகொள்வதால், இறுக்கும் ஆணை மிகுந்து, தளர்த்தும் ஆணைக்குக் கிடைக்கும் பதில் குறைந்த நிலையில் முதியவரின் தமனிகள் இயங்க வேண்டியிருக்கிறது.